நடிகரின் உடல், பார்வையாளரின் கை



அரங்கில் நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையே உள்ள தூரம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடந்த 20 ஆண்டுகளில் உலகின் பெருநகரங்கள் சிலவற்றில் இந்தத் தூரம் வெகுவாகச் சுருங்கியிருக்கிறது. லண்டன், நியூயார்க், ஷாங்காய் போன்ற ஊர்களில் பழைய கிடங்குகளையும் கைவிடப்பட்ட கட்டடங்களையும் பிடித்து, அறை அறையாக ஒரு கதையின் உலகத்தைக் கட்டி, பார்வையாளரை அதற்குள் நடமாட விடுகிறார்கள். மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. நடிகர் உங்கள் தோளை உரசிக்கொண்டு போவார். இம்மர்சிவ் தியேட்டர் என்று இதற்குப் பெயர். இதைப் பற்றி வந்த எழுத்தில் பெரும்பகுதி பார்வையாளரின் பக்கம் நின்று எழுதப்பட்டது. அவருக்கு என்ன அனுபவம் கிடைத்தது, அவர் எப்படி விடுதலை பெற்றார் என்பதைத்தான் பேசுகிறது. இன்று நான் மறுபக்கம் நின்று பேச விரும்புகிறேன். தூரம் குறைந்தபோது நடிகருக்கு என்ன ஆயிற்று? அவருடைய உடம்புக்கு யார் பொறுப்பு?

இந்தத் தூரம் ஆதிகாலத்திலிருந்து வந்ததல்ல. பாரிஸின் கொமெடி ஃபிரான்சேஸ் அரங்கில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பணக்காரர்கள் மேடையின் மீதே பெஞ்சு போட்டு உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். நடிகர் உள்ளே வருவதற்கு அவர்களை விலக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வோல்ட்டேர் பல காலம் இதை எதிர்த்தார். ஆனால் அந்தப் பெஞ்சுகளுக்கு வந்த கட்டணம் கம்பெனிக்கு நல்ல வருமானம். 1759இல் லொராகே என்ற பிரபு தம் கைப்பணத்தை ஈடாகக் கொடுத்த பிறகுதான் பெஞ்சுகள் மேடையைவிட்டு இறங்கின. லண்டனில் நடிகர் டேவிட் காரிக்கும் சில ஆண்டுகளில் இதையே செய்தார். அரங்கின் விளக்கை அணைத்துப் பார்வையாளரை இருட்டில் உட்காரவைக்கும் முறையை ஊன்றச் செய்தது 1876இல் வாக்னர் பைராய்த்தில் திறந்த அரங்கு. இருட்டில் வரிசையாக, வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்துக்கு வயது 150 ஆண்டுகள்தான். நம் ஊர் ஸ்பெஷல் நாடகங்களில் கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினால் நடிகர் காட்சியை நிறுத்திவிட்டுப் பாட்டைத் திரும்பப் பாடினார். அங்கே இருட்டும் இல்லை, மௌனமும் இல்லை.

பெஞ்சுகள் இறங்கியதில் நடிகருக்கு நடமாட இடம் கிடைத்தது. கூடவே யாரும் கைநீட்டித் தொட முடியாத ஒரு வட்டமும் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்த வட்டத்தை உடைக்க வந்தவர்கள் பெரும்பாலும் இயக்குநர்கள். நடிகர்கள் யாரும் கேட்டு இது நடக்கவில்லை. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இது என் மனதில் உறுத்துகிறது.

போலந்தில் இயக்குநர் குரோட்டோவ்ஸ்கி 1962இல் ‘கோர்டியன்’ நாடகத்தை ஒரு மனநோய் மருத்துவமனையாக அமைத்து, பார்வையாளர்களை நோயாளிகளின் இரும்புக் கட்டில்களில் உட்காரவைத்தார். அடுத்த ஆண்டு ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’. பார்வையாளர்கள் ஃபாஸ்டஸின் கடைசி விருந்துக்கு வந்தவர்களாக நீண்ட மேஜைகளின் ஓரம் அமர்ந்திருக்க, நடிப்பு அந்த மேஜைகளின் மீதே நடந்தது. ஆனால் எத்தனை பேர் வரலாம், எங்கே உட்காரலாம் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார். பார்வையாளருக்குப் பாத்திரம் கொடுத்தார், சுதந்திரம் கொடுக்கவில்லை.

சுதந்திரத்தையும் கொடுத்துப் பார்த்தவர் அமெரிக்க இயக்குநர் ரிச்சர்டு ஷெக்னர். 1968 ஜூனில் நியூயார்க்கின் வூஸ்டர் தெருவில், முன்பு பட்டறையாக இருந்த ஒரு கட்டடத்தில் ‘டயோனிசஸ் இன் 69’ தொடங்கியது. யூரிப்பிடிசின் ‘பாக்கே’ நாடகத்திலிருந்து உருவானது. உள்ளே மரத்தால் கட்டிய உயரமான அடுக்குகள். பார்வையாளர் அவற்றில் ஏறியும் உட்காரலாம், தரையிலும் உட்காரலாம். நாடகத்தில் ஒரு கட்டத்தில் நடிகர்கள் கூட்டத்துக்குள் வந்து பார்வையாளர்களைத் தொட்டு வருடுவார்கள். பார்வையாளரும் பதிலுக்குத் தொடலாம். மனிதர்கள் ஒருவரையொருவர் அஞ்சாமல் அணுகும் உலகத்தை அந்த அறைக்குள் உண்டாக்குவது நோக்கம். நாடகத்தின் பெயர் ஊரெங்கும் பரவியது. அதற்குப் பிறகு தொடுவதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் வந்தார்கள். இதற்காகவா இந்தக் குழுவில் சேர்ந்தோம் என்று பெண் நடிகர்கள் கேட்டார்கள். அந்தக் காட்சி மாற்றப்பட்டது. ஷெக்னரே 1973இல் வந்த ‘என்விரான்மென்டல் தியேட்டர்’ நூலில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

அதே நாடகத்தில் இன்னொரு இரவு. பென்தியஸ் மன்னனைப் பலிகொடுக்கும் நேரம் நெருங்கியபோது, குவீன்ஸ் கல்லூரி மாணவர்கள் சிலர் பலியைத் தடுப்பதென்று முடிவுகட்டி, பென்தியசாக நடித்தவரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். நாடகம் நின்றுபோயிற்று. கூட்டத்திலிருந்து யாராவது பென்தியசாக வர முடியுமா என்று ஷெக்னர் கேட்டார். ஏற்கெனவே அந்த நாடகத்தைப் பலமுறை பார்த்திருந்த ஒரு பதின்வயதுப் பையன் எழுந்து வந்தான். நடிகர்கள் அவனை வழிநடத்தி நாடகத்தை முடித்தார்கள். பார்வையாளரின் பங்கேற்புக்கு இதைவிடச் சிறந்த சான்று உண்டா என்று கேட்டு இந்த நிகழ்ச்சியைப் புத்தகங்களில் சொல்வார்கள். தூக்கிச் செல்லப்பட்ட நடிகரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. தன் கதாபாத்திரத்தின் சாவை அவர் எத்தனையோ இரவுகள் உழைத்து உருவாக்கியிருப்பார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கியதை என்னால் கொண்டாட முடியவில்லை.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் சொல்லும் ஒரு கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கம் ஒன்றில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் அவள் கணவன் சில காகிதங்களைக் கொடுத்து, வீட்டுப் பத்திரங்கள், பத்திரமாக வை என்கிறான். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால், எல்லாம் அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள். அவள் என்ன செய்ய வேண்டும் என்று போவாலின் குழு மக்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை நடித்துக் காட்டியது. கூட்டத்தில் இருந்த ஒரு பெண் திருப்தி அடையவேயில்லை. அவனிடம் தெளிவாகப் பேசிவிட்டுத்தான் மன்னிக்க வேண்டும் என்கிறாள். நடிகை எப்படிப் பேசிக் காட்டினாலும் அது தெளிவாக இல்லை என்கிறாள். கடைசியில் போவால், நீங்களே வந்து காட்டுங்களேன் என்றார். அவள் ஏறி வந்து, துடைப்பத்தை எடுத்துக் கணவன் வேடக்காரரை வெளுத்து வாங்கினாள். அடித்து முடித்த பிறகுதான் மன்னித்தாள். பார்வையாளர் எழுந்து வந்து கதையை மாற்றும் மன்ற அரங்கு இதிலிருந்து பிறந்தது என்று போவால் சொல்வார். மேற்கு வங்கத்தில் ஜன சன்ஸ்கிருதி போன்ற குழுக்கள் கிராமங்களில் அதை இன்றும் செய்கின்றன. அது பெரிய காரியம். ஆயினும் அன்று அடி வாங்கியவர் ஒரு நடிகர்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

ஃபீலிக்ஸ் பேரட் 2000இல் தொடங்கிய பிரிட்டிஷ் குழு பஞ்ச்டிரங்க். மேக்பெத் கதையை வசனமே இல்லாமல், நடனமும் உடலசைவுமாக மாற்றி, ஹிட்ச்காக் படங்களின் வாடையை அதன்மீது ஏற்றி ‘ஸ்லீப் நோ மோர்’ என்ற நாடகத்தை 2003இல் லண்டனில் செய்தார்கள். 2009இல் பாஸ்டனை அடுத்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் செய்தார்கள். 2011 மார்ச்சில் நியூயார்க் செல்சியா பகுதியில் மேற்கு 27ஆம் தெருவில் நிலைகொண்டார்கள். ஏறத்தாழ 1,00,000 சதுர அடி, சுமார் 100 அறைகள். வாசலில் மக்கிட்ரிக் ஹோட்டல் என்று பெயர். அப்படியொரு ஹோட்டல் அங்கே இருந்ததேயில்லை, ‘வெர்ட்டிகோ’ படத்தில் வரும் பெயர் அது. 2025 ஜனவரி 5 வரை அங்கே நடந்தது. ஷாங்காயில் 2016இல் தொடங்கியது.

உள்ளே போகிறவருக்கு முதலில் ஒரு வெள்ளை முகமூடி தருவார்கள். கழற்றக் கூடாது. பேசக் கூடாது. மற்றபடி எங்கும் போகலாம், எதையும் திறக்கலாம். மேஜை இழுப்பறையை இழுத்தால் உள்ளே கையால் எழுதிய கடிதங்கள் இருக்கும். மிட்டாய்க் கடையில் கண்ணாடிக் குடுவையைத் திறந்து மிட்டாயை எடுத்துத் தின்னலாம். ஒரு மாடியில் மருத்துவமனை, கட்டில்களும் குளியல் தொட்டிகளும் வரிசையாக. ஒரு தளத்தில் கல்லறை, ஒரு தளத்தில் ஊசியிலை மரக்காடு. ஒவ்வொரு நடிகருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரச் சுற்று. அந்தச் சுற்றை ஒரே இரவில் மூன்று முறை ஆடுவார். மேக்பெத் ரத்தக்கையோடு அறைக்குள் வந்து குளியல் தொட்டியில் இறங்கும்போது, இரண்டடி தூரத்தில் முப்பது, நாற்பது வெள்ளை முகமூடிகள் அசையாமல் நின்று பார்க்கும். மனைவி அவன் உடம்பைக் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் முகமூடிகள்மீது படும். பிறகு அவன் எழுந்து ஓடுவான். அந்த முப்பது, நாற்பது பேரும் அவன் பின்னால் படிக்கட்டில் ஓடுவார்கள். இந்த வடிவத்தின் அழகு இது. யாரைத் தொடர்வது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், உங்களுக்குக் கிடைக்கும் மேக்பெத் வேறு யாருக்கும் கிடைப்பதில்லை. இதைச் செய்துகாட்டியவர்களின் உழைப்பையும் கற்பனையையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

இதில் எல்லோரும் ஏங்கும் ஒரு தருணம் உண்டு. ஒரு கதாபாத்திரம் கூட்டத்திலிருந்து ஒரே ஒருவரைக் கைப்பிடித்துத் தனி அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைத் தாழிடும். முகமூடியைக் கழற்றி, முகத்தைப் பார்த்து, காதில் ஏதோ சொல்லும். சில நிமிடம்தான். பிறகு முகமூடியை மாட்டி வெளியே அனுப்பிவிடும். இதற்காகவே திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. எந்த நடிகர் எந்த நேரத்தில் எந்தப் படியில் திரும்பி ஆளைத் தேர்ந்தெடுப்பார் என்பதை இணையத்தில் பகிர்ந்து, அந்தப் படியில் முன்கூட்டியே போய் நிற்பார்கள். டிக்கெட் விலை 100 டாலருக்கு மேல் போன பிறகும் இந்தக் கூட்டம் குறையவில்லை.

கூச்சம் உள்ளவரை முகமூடி விடுவிக்கிறது என்று பேரட் சொல்வார். அது உண்மைதான். முகம் மறைந்தால் நாம் இன்னும் உற்றுப் பார்க்கிறோம், இன்னும் அருகே போகிறோம். ஆனால் முகம் மறைந்தவரின் கை எப்படி நடந்துகொள்ளும் என்பதும் தெரிந்துதான் இருந்திருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில், இந்த நாடகத்தில் வேலை பார்த்த நடிகர்களும் பணியாளர்களும் பார்வையாளர்கள் தங்களைத் தகாத முறையில் தொட்டதை வெளிப்படையாகச் சொன்னார்கள். அமெரிக்கச் செய்தி ஊடகம் ஒன்று அதை விரிவாக வெளியிட்டது. லண்டனில் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலை இதே பாணியில் நடத்திய நாடகத்தின் பெண் நடிகர்களுக்கும் இப்படி நேர்ந்தது வெளியே வந்தது. 1968இல் வூஸ்டர் தெருவில் பெண் நடிகர்கள் எழுப்பிய அதே புகார், 50 ஆண்டு கழித்து, அதே நகரத்தில் மீண்டும் எழுந்தது.

அறைகளின் மூலைகளில் கறுப்பு முகமூடி அணிந்த பணியாளர்கள் நின்றார்கள் என்பது உண்மை. தாழிட்ட அறைக்குள் அவர்கள் இல்லை. அங்கே நடிகரோ நடிகையோ தனியாக, முன்பின் தெரியாத ஒருவரோடு. ஏதாவது நேர்ந்தால் கதாபாத்திரத்தை விட்டுக் கத்த வேண்டும். கத்தினால் நாடகம் கெட்டுவிடும். நாடகம் கெடக் கூடாது என்பதுதான் நடிகருக்குச் சிறுவயதிலிருந்து சொல்லிக்கொடுத்த பாடம். ஆபத்து வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

எதிர்ப்பக்கத்திலும் தவறு நடந்திருக்கிறது. பெல்ஜியத்தின் ஒன்ட்ரூரென்ட் கூட் என்ற குழு 2009இல் எடின்பரோ விழாவுக்குக் கொண்டுவந்த ‘இன்டர்னல்’ நாடகத்தில் ஐந்து பார்வையாளர்கள், ஐந்து நடிகர்கள். தனித்தனியாகச் சிறு மேஜைகளில் உட்கார்ந்து, மது கொடுத்து, நெருங்கிய நண்பரைப் போல நடிகர் பேச்சுக் கொடுப்பார். மனம் திறந்தவர்கள் சொன்ன அந்தரங்கங்களைச் சற்றுநேரத்தில் பொதுவில், வட்டமாக உட்கார்ந்து நடிகர்கள் போட்டு உடைப்பார்கள். பலர் காயப்பட்டுப் போனார்கள். நம்பிக்கையை இப்படி எளிதாக உண்டாக்க முடியும், எளிதாக மீறவும் முடியும் என்பதைக் காட்டுவதுதான் நாடகம் என்று அதை ஆதரிப்பவர்கள் சொன்னார்கள். அந்த வாதம் எனக்குப் போதவில்லை. நம்பியவரை வைத்துக்கொண்டுதானா அதைக் காட்ட வேண்டும்?

இப்போது நம் பக்கம் வருகிறேன். பழம்பெருமை பேச வரவில்லை. பார்வையாளரும் நடிகரும் ஒரே மண்ணில், ஒரே கூட்டத்தில் கலந்து நிற்கும் அரங்கு நம்மிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே நடிகரின் உடம்பு எப்படிக் காக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் பேச்சு வேறு தளத்துக்குப் போகும் என்று நினைக்கிறேன்.

விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். பிற்பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், இரவில் கூத்து. பகாசுரன் கதை வரும் நாளில் பீமன் வேடக்காரர் வண்டியில் ஊரைச் சுற்றி வருவார். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் வண்டியில் ஏறும். அர்ச்சுனன் தபசு அன்று அர்ச்சுனன் வேடக்காரர், நட்டுவைத்த உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் கீழே வீசுவார். குழந்தை வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தடியில் மடியேந்தி நிற்பார்கள். அங்கே நாடகம் பார்க்க வந்தவர் யார், நாடகத்துக்குள் இருப்பவர் யார் என்று கோடு போட முடியாது.

கடைசி நாள் படுகளம். கோயிலுக்கு முன்னால் வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். களிமண்ணால் செய்து வண்ணம் பூசிய உருவம், சில ஊர்களில் 50 அடிக்கும் மேல். முந்திய இரவு முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய அதே நடிகர்கள், அரிதாரம் வியர்வையில் வழிய, கட்டை உடையோடு காலை வெயிலில் வந்து இறங்குவார்கள். பீமன் துரியோதனனைத் துரத்துவான். கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவார்கள். சிறுவர்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். இருவரும் அந்த மண் உருவத்தின்மீதே ஏறி நின்று வாதாடுவார்கள். கண்ணன் தொடையைத் தட்டிக் காட்டுவான். தொடையில் அடி விழும், அதற்குள் வைத்த செந்நீர் வெளியே வரும். அவிழ்ந்து கிடந்த திரௌபதியின் கூந்தல் முடியப்படும். முடிந்ததும் கூட்டம் அந்த உருவத்தின்மீது பாய்ந்து ஆளுக்கொரு பிடி மண் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும். மாலையில் தீமிதி.

மண்ணின்மீது பாயும் அதே கைகள் நடிகர்மீது பாய்வதில்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. யாரைத் தொடலாம், எதைத் தொடலாம், எப்போது தொடலாம் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆவேசம் வருபவரைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்பார்கள். நடிகர்களும் தம்மைக் காத்துக்கொள்ளும் முறைகளை வைத்திருக்கிறார்கள். துகிலுரிதல் இரவில், திரௌபதி வேடக்காரரின் புடவையில் கைவைப்பதற்கு முன் துச்சாதனன் வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றுவார்கள். அவர் அம்மனை நோக்கிக் கும்பிட்டு, வேடத்துக்காகச் செய்கிறேன், பொறுத்துக்கொள் என்று மன்னிப்புக் கேட்பார். அதற்குப் பிறகுதான் புடவையில் கை. கதையின் உச்சத்தில், ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்து நிற்கும்போது, ஒரு நடிகர் நாடகத்தை நிறுத்திவிட்டுத் தன் சக நடிகரைத் தொட அனுமதி கேட்கிறார். நாடகம் கெட்டுவிட்டது என்று யாரும் எழுந்து போவதில்லை. அந்த நிறுத்தத்துக்குப் பிறகு காட்சியின் கனம் கூடுகிறது. கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரனும் இந்தக் காவலில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். கதைக்குள்ளிருந்து எந்நேரமும் வெளியே வந்து, முன்வரிசையில் குடித்துவிட்டுச் சத்தம் போடுபவரைச் சிரிக்கவைத்தே உட்காரவைக்கும் உரிமை அவருக்கு உண்டு.

இதையெல்லாம் சொல்லும்போது மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. இந்தக் காவலைக் கொடுத்தது ஊர்க் கட்டுப்பாடு. அதே ஊர்க் கட்டுப்பாடுதான் யார் எங்கே நிற்க வேண்டும், யார் தெருவுக்கு அம்மன் வரும், யார் தெருவுக்கு வராது என்பதையும் தீர்மானித்தது. சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் எட்ட நின்று பார்த்த களங்கள் அவை. பெண்கள் மேடை ஏறியதில்லை, திரௌபதியையும் ஆண்தான் கட்டினார். இரவெல்லாம் ஆடிய கூத்துக் கலைஞருக்கு விடிந்ததும் அந்த ஊரில் என்ன மரியாதை என்பதைக் கலைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆகவே அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்து நகரத்துக் கிடங்குக்குள் வைத்துவிட முடியாது, வைக்கவும் கூடாது. டிக்கெட் வாங்கிய யாரும், எந்தச் சாதியானாலும், பெண்ணானாலும், உள்ளே வரலாம் என்பது நகர அரங்கின் பெரிய சாதனை. அங்கே காவலை முதலிலிருந்து கட்ட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே ஒரு இரவுக்குக் கூடுகிறார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்த விதி எதுவும் கிடையாது. விதியை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

நம்மிடையே இதைப் பற்றி யோசித்தவர்கள் இல்லாமலில்லை. வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1970களில் கல்கத்தாவில் மேடையை விட்டு இறங்கி, ஓர் அறைக்குள் பார்வையாளரை அங்கங்கே உட்காரவைத்து அவர்களுக்கு நடுவே ‘ஸ்பார்ட்டகஸ்’ நாடகத்தைச் செய்தார். 1980இல் சென்னை சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகக்காரர்கள் பலருக்குத் திருப்புமுனை. அவரிடம் பார்வையாளரோடு நெருக்கம் இருந்தது, அதில் ஒரு கண்ணியமும் இருந்தது. நடிகர் பார்வையாளரின் கண்ணைப் பார்த்தார், அவரிடம் பணிந்து கெஞ்சவும் இல்லை, அவரை மிரட்டவும் இல்லை.

மேற்கில் இப்போது என்ன செய்கிறார்கள்? 2016இல் அமெரிக்காவில் இன்டிமசி டைரக்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு தொடங்கியது. மேடையில் நடிகர்கள் ஒருவரையொருவர் தொடும் காட்சிகளை, சண்டைக் காட்சியை அமைப்பதுபோலவே படிப்படியாக, சம்மதத்தோடு அமைத்துத் தரும் ஆட்களை அது உருவாக்கியது. 2018க்குப் பிறகு இம்மர்சிவ் அரங்கிலும் நுழையும்போதே தெளிவான எச்சரிக்கைகள் வந்தன. நல்லதுதான். ஆனால் அவை பெரும்பாலும் வாசலில் சொல்லப்படும் விதிகள். உள்ளே இருட்டும் இசையும் முகமூடியும், நீ என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று காதோரம் சொல்லிக்கொண்டேயிருக்கும்போது, வாசலில் கேட்டது எவ்வளவு நேரம் நிற்கும்?

பஞ்ச்டிரங்க் குழுவே 2024இல் லண்டன் வுல்விச்சில் ‘வயோலாஸ் ரூம்’ என்ற படைப்பைத் தொடங்கியது. ஒரு நேரத்தில் ஆறு பேர் வரைதான் உள்ளே போகலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒளி காட்டும் வழியில் நடக்க வேண்டும். ஹெலனா பான்ஹம் கார்ட்டரின் குரல் கதை சொல்லும். உள்ளே நடிகர் ஒருவரும் இல்லை. குரோட்டோவ்ஸ்கி 1970க்குப் பிறகு நாடகம் தயாரிப்பதையே நிறுத்தி, பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லாத கூடுகைகளுக்குப் போனார். அவர் பார்வையாளரை நீக்கினார். அரை நூற்றாண்டு கழித்து, இந்த வடிவத்தை உலகப் புகழாக்கிய குழு நடிகரை நீக்கிப் பார்க்கிறது. அதற்குக் கலைக் காரணங்கள் இருக்கலாம், அந்தப் படைப்பு நுட்பமானது என்றும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், நடிகர் இல்லாத அறையில் யாருக்கும் ஆபத்தில்லை, செலவும் குறைவு என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போடும் நாளை எண்ணிக் கவலைப்படுகிறேன். நடிகரைக் காப்பதற்கு அவரை இல்லாமல் ஆக்குவது வழியாகாது.

சென்னையில் மொட்டைமாடிகளிலும் வீட்டுக் கூடங்களிலும் பழைய கட்டடங்களிலும் நாடகம் போடும் இளைஞர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் நேராகவே சொல்கிறேன். நடிகர் ஆட்டத்தை நிறுத்த ஒரு வழியை ஒத்திகையின் முதல் வாரத்திலேயே வையுங்கள். ஒரு சொல்லோ, ஒரு கைச்சாடையோ போதும். அதைக் கேட்டதும் விளக்கு எரிய வேண்டும். நிறுத்தியவரிடம் ஏன் என்று அந்த இரவில் யாரும் கேட்கக் கூடாது. எந்த நடிகரையும், ஆணோ பெண்ணோ, தாழிட்ட அறையில் பார்வையாளரோடு தனியே விடாதீர்கள். கதவு சாத்தியிருக்கட்டும், தாழ் வேண்டாம். உங்கள் குழுவில் ஒருவர் கட்டியங்காரன் வேலையைச் செய்யட்டும். கதைக்குள்ளேயே இருந்துகொண்டு, தேவைப்படும்போது கதையை உடைக்கும் உரிமை உள்ள ஒரு பாத்திரம். மூலையில் சீருடையில் நிற்கும் காவலரைவிட அது நன்றாக வேலை செய்யும்.

விதியை முன்பே சொல்லிவிட்டால் வியப்பு போய்விடும் என்பார்கள். தபசு மரத்தின் உச்சியிலிருந்து என்ன விழும் என்பது கீழே நிற்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அதனால் அங்கே வியப்பு போய்விடவில்லை.

கூலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் ‘யூ மீ பம் பம் டிரெய்ன்’ என்ற புகழ்பெற்ற படைப்பு உண்டு. ஒரே ஒரு பார்வையாளர் உள்ளே போவார், அவருக்காகப் பல நூறு பேர் காட்சிக்குக் காட்சி நடிப்பார்கள். அந்தப் பல நூறு பேரும் ஊதியமில்லாத் தொண்டர்கள். பார்வையாளரை மையத்தில் வைக்கும் அரங்கு போகக்கூடிய எல்லை அது. அங்குள்ள நடிகர் சங்கம் அதைக் கண்டித்தது, கண்டித்தது சரி. நீங்கள் 20 பேருக்கு மட்டும் நாடகம் போடும்போது டிக்கெட் வருமானம் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறை முதலில் நடிகரின் சம்பளத்தில்தான் கழியும். ஒருவரை இவ்வளவு அருகே நிறுத்தி, இத்தனை பேர் பார்வைக்கும் மூச்சுக்கும் நடுவே வேலை வாங்குகிறோம் என்றால், மேடை நாடகத்துக்குக் கொடுப்பதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். ஓர் இரவுக்கு எவ்வளவு, ஒரே இரவில் மூன்று சுற்று ஆடினால் எவ்வளவு, காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதை டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முன்பே தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.